மாட்டுக்கறி வேகும் நேரம்



இந்த நினைவுச் சொற்பொழிவில் ஒரு நூலைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவதுதான் நம் மன்றத்தின் வழக்கம். இவ்வாண்டு ஒரு குழம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, 'இலக்கிய மன்றத்தில் சமையல் வகுப்பா?' என்று இரண்டு மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள். யாருடைய நினைவில் கூடுகிறோம் என்பதைக் கவனித்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். அவருடைய பெயர் அட்டையில் இருக்கிறது. ஆனால் எங்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் பெரியம்மா.

நம் கூட்டங்கள் அத்தனைக்கும் சோறாக்கியவர் அவர். முதல் பேச்சாளர் மைக்கைப் பிடிப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே பின்கட்டில் அவருடைய அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இந்த உரையை எழுத உட்கார்ந்தபோது மன்றம் இதுவரை அச்சிட்ட சிறுநூல்களை எடுத்துப் புரட்டினோம். அச்சகத்தாருக்கு நன்றி இருக்கிறது. மண்டபம் கொடுத்தவருக்கு இருக்கிறது. மைக்செட்காரருக்குக்கூட இருக்கிறது. பெரியம்மாவின் பெயர் ஒன்றிலும் இல்லை. சாதியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிய நாங்கள் செய்த வேலை இது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

அவருடைய குழம்பின் கணக்கும் எங்களிடம் இல்லை. 'எவ்ளோ நேரம் வேகணும் பெரியம்மா?' என்று கேட்டால் கரண்டியில் ஒரு துண்டை எடுத்துப் பிட்டுப் பார்ப்பார். 'இன்னும் அடம் பிடிக்குது, கெடக்கட்டும்' என்பார். நாங்கள் சிரித்துவிட்டு அரங்குக்குள் போய்விடுவோம். அவர் மறைந்தபின் இரண்டு ஆண்டுகள் கடையில் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டோம்.

சென்ற ஆண்டு, வெளிநாட்டில் செவிலியராக வேலை பார்த்துத் திரும்பிய தோழி ஒருவர் தன்னுடைய ஸ்லோ குக்கரை மன்றத்துக்குக் கொடுத்தார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம். கனத்த பீங்கான் பாத்திரம். அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் உறை. மேலே கண்ணாடி மூடி. பிரஷர் குக்கரைப் போல ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்றாது. விசில் கிடையாது. 200 முதல் 300 வாட் வரைதான் மின்சாரம் எடுக்கும். 'லோ', 'ஹை' என்று இரண்டு நிலை. இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும். 'லோ' மெதுவாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

முதல் முயற்சி வீணாகிப் போனது. அதோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் 'மாட்டுக்கறி ஸ்டூ, லோ நிலையில் 8 மணி நேரம்' என்று இருந்தது. அப்படியே செய்தோம். 8 மணி நேரம் கழித்துத் திறந்தால் குழம்பு மணக்கிறது, கறி ரப்பர். கறிக்கடைக்காரரைத்தான் திட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அது எந்த ஊரு மாட்டுக்கு எழுதுன கணக்கு சார்?' என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த உரை பிறந்தது.

அந்தப் புத்தகம் எழுதப்பட்ட நாடுகளில் கறிக்காக வளர்க்கும் மாட்டைப் பெரும்பாலும் 2 வயதையொட்டி அறுத்துவிடுகிறார்கள். இங்கே நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் இனி உதவாது என்றோ, நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். எருமைக்கும் இதே விதிதான். 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதைத் தடுத்தது. ஆக, சட்டம் நம் தட்டுக்கு அனுப்புவது உழைத்து ஓய்ந்த கிழட்டு மாட்டை. 'மாட்டுக்கறியா, அது சக்கை மாதிரி இருக்குமே' என்று முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறியின் முரட்டுத்தனத்தில் மாட்டின் பங்கு கொஞ்சம், சட்டப் புத்தகத்தின் பங்கு மீதி.

வயதான மாட்டின் கறி ஏன் கெட்டி? தசை நார்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பிடித்திருக்கும் வெள்ளைச் சவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது அது. கன்றுப் பருவத்தில் இந்தக் கயிறுகளுக்கு இடையே முடிச்சுகள் இளக்கமாக இருக்கும். சூடு பட்டதும் அவிழ்ந்துவிடும். வயது ஏற ஏற முடிச்சுகள் இறுகி, சூட்டுக்கும் அசையாதவையாக மாறிவிடுகின்றன. அதிகம் உழைக்கும் உறுப்பில் இந்தச் சவ்வும் அதிகம். நுகத்தடி ஏறிய கழுத்து, எடை தாங்கிய முன்னங்கால், நெஞ்சு, ஓயாமல் ஆடும் வால், எல்லாம் அப்படித்தான். முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய கறி அதிகம் உழைக்காதது. அது நட்சத்திர ஓட்டல்களுக்குப் போகிறது.

சூடு ஏறும்போது நடப்பதைக் கவனியுங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கொலாஜன் சுருங்கத் தொடங்கி, தசையைப் பிழிந்து சாற்றை வெளியே தள்ளுகிறது. அந்தக் கட்டத்தில் எடுத்தால் கறி பச்சையாக இருந்ததைவிடக் கெட்டியாக இருக்கும். எங்கள் முதல் முயற்சி ஏறக்குறைய அங்கேதான் நின்றுபோனது. தொடர்ந்து 80, 90 டிகிரியில் மணிக்கணக்காக ஈரத்தோடு கிடந்தால் முறுக்கு அவிழ்ந்து, கொலாஜன் ஜெலட்டினாகக் கரைகிறது. நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. கரைந்த ஜெலட்டின் குழம்பை வழுவழுப்பாக்குகிறது. ஆறியபின் குழம்பு தயிர்போல உறைந்தால், ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். நெருப்பைக் கூட்டினால் இது ஓடிவிடாது. கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு தளதளத்தாலும் 100 டிகிரிதான். பிரஷர் குக்கர் சூட்டை 120 டிகிரிக்கு ஏற்றி நேரத்தைச் சுருக்குகிறது. ஆனால் ஒரு விசில் கூடினால் கறி நூல் நூலாகப் பிரிந்து வறண்டுவிடும். பெரியம்மா 'அடம்' என்று சொன்னது இந்த முடிச்சைத்தான். அவர் அதைக் கரண்டி முனையில் அளந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கொலாஜன் நம் மக்களுக்குப் புதிய பொருளன்று. தோல் முழுக்க அதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொட்டிகளில் கால் ஊன்றி நின்றவர்களின் பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலைப் போடுகிறபோது, அவற்றின் துவர்ப்புப் பொருள் கொலாஜனோடு பிணைந்து, அது அழுகாமலும் எளிதில் கரையாமலும் ஆக்கிவிடுகிறது. அதே தோல் கழிவைப் பதனிடாமல் காய்ச்சினால் வச்சிரப் பசை. முன்பெல்லாம் தச்சர்கள் மரத்தை ஒட்டியது அதைக் கொண்டுதான். கொலாஜன் என்ற சொல்லுக்கே கிரேக்க மூலத்தில் பசை என்றுதான் பொருள். கட்டிப் போட்டால் செருப்பு, காய்ச்சினால் பசை, நிதானமாக வேகவைத்தால் குழம்பு. ஒரே பொருளை மூன்று விதமாகக் கையாளத் தெரிந்த கைகளைத்தான் ஊர் 'தீட்டு' என்றது. வேதியியல் மாணவர்கள் யாராவது இதை ஆய்வுக்கு எடுத்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் மேடை என்பதால் எல்லாவற்றையும் பெருமையாக மட்டும் பேசிவிடவும் கூடாது. செத்த மாட்டைத் தூக்குவது நம்மீது சுமத்தப்பட்ட ஊழியம். கூலிக்குப் பதில் அந்தக் கறி. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை உண்பதை விட்டுவிடுங்கள் என்றார். தீண்டப்படாதவர்கள் யார் என்று கேட்ட 1948ஆம் ஆண்டு நூலில், பௌத்தர்களாக இருந்த சிதறுண்ட மக்கள், பார்ப்பனர் மாட்டுக்கறியைக் கைவிட்ட பிறகும் தொடர்ந்து உண்டதால் ஒதுக்கப்பட்டார்கள் என்று வாதிட்டார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முதலாவது சுமத்தப்பட்ட இழிவை உதறச் சொல்கிறது. இரண்டாவது, உணவின் பெயரால் மனிதர்களைத் தாழ்த்திய வரலாற்றை அம்பலப்படுத்துகிறது.

நம் மன்றத்திலேயே மாட்டுக்கறி தொடாத மூத்த தோழர்கள் உண்டு. செத்த மாடு தூக்க மாட்டோம் என்று அவர்களுடைய ஊர் முடிவெடுத்தபோது, அவர்களுடைய தாய்மார்கள் சட்டியையும் உடைத்துப் போட்டார்கள். அந்த மறுப்பும் சுயமரியாதைதான். இளைய தோழர்கள் சிலர் 'நீங்க இன்னும் பார்ப்பன மனநிலையிலயே இருக்கீங்க' என்று அவர்களைக் கேலி செய்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம். அது தவறு. பெரியம்மா அந்தத் தோழர்களுக்கென்று தனியாக முட்டைக் குழம்பு வைப்பார். யாரும் அவரிடம் கேட்டதில்லை. யாரிடமும் அவர் விளக்கம் சொன்னதுமில்லை.

விரும்பி உண்பவர்களை விலக்குவதற்கு இன்று புதுப் புதுக் காரணங்கள் கிடைக்கின்றன. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எந்த ஊரில்? ஆம்பூரில்! எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. சமையல் நூல்களிலும் இதே கதைதான். 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஒரு சமூகத்துச் சமையலறையின் அளவையும் பக்குவத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியது. நம் சமையலறைக்கு அப்படி ஒரு நூல் வர எவ்வளவு காலம்? மராட்டியத்தில் ஷாகு பாடோலே மராத்வாடா தலித் உணவுகளை 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று நூலாக்கியது 2015இல். தமிழில் நம்முடைய நோட்டுப் புத்தகத்தை நாம்தான் எழுதியாக வேண்டும். இந்த உரை அதில் ஒரு பக்கம்.

ஸ்லோ குக்கருக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. இர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவின் வில்னா நகரில் வளர்ந்த அவருடைய தாய், சோலென்ட் என்ற உணவைப் பற்றிச் சொன்னதுதான் தூண்டுகோல். ஓய்வுநாளான சனிக்கிழமை யூதர்கள் அடுப்பு மூட்டக் கூடாது. எனவே வெள்ளி மாலையே கறி, பயறு, கிழங்கு நிரப்பிய பானையை ரொட்டிக் கடைக்கு எடுத்துச் செல்வார்கள். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் கிடந்து மறுநாள் வெந்திருக்கும். 1970இல் ரைவல் நிறுவனம் நாக்சனின் தொழிலை வாங்கி, 1971இல் 'கிராக் பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் போட்டுவிட்டு மாலையில் வந்து திறக்கலாம் என்பதுதான் விளம்பரம். நடவுக்குப் போகும்முன் உமி அடுப்பில் சட்டியை ஏற்றிவிட்டுப் போன நம் பாட்டிமாருக்கு இந்த விளம்பரம் தேவைப்பட்டிருக்காது.

இனி எங்கள் பக்குவம். ஆறேழு முறை செய்து பார்த்து எழுதியது.

எலும்போடு ஒரு கிலோ மாட்டுக்கறி. முன்னங்கால், நெஞ்சு, கழுத்து என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நல்லி எலும்பும் இருக்கட்டும். தொடைக்கறி மட்டும் போட்டால் ஜெலட்டின் இறங்காது, குழம்பு தண்ணீராக நிற்கும். துண்டுகள் எலுமிச்சம்பழ அளவுக்குக் குறையக் கூடாது. ஐஸ்பெட்டியில் உறைந்த கறியை நேரே குக்கரில் போடாதீர்கள். சூடு மெதுவாக ஏறுவதால் கிருமி பெருக நேரம் கிடைத்துவிடும். முந்தின இரவே இறக்கி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறை நீங்கியபின் போடுங்கள்.

கறியை ஈரம் போகத் துடைத்து, இரும்புச் சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர்விட்டுக்கொண்டு வெளுத்துப் போகும். இந்த வேலையை ஸ்லோ குக்கரால் செய்ய முடியாது. கறி சிவந்து மணம் வருவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். குக்கர் 100ஐத் தாண்டாது. அதே சட்டியில் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி பூண்டு, இஞ்சி விழுது, இரண்டு தக்காளி போட்டு வதக்கி, இரண்டு கரண்டி மல்லித்தூள், ஒன்றரைக் கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள் சேர்த்துப் பச்சை வாசம் போகப் புரட்டுங்கள். மசாலாவின் பச்சை வாசமும் குக்கருக்குள் போகாது. உள்ளே அடைபட்டு அப்படியே கிடக்கும். பட்டை, கிராம்பை முழுசாகப் போடுங்கள். 10 மணி நேரத்தில் பொடி கசந்துவிடும்.

குக்கரின் அடியில் உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி. மேலே கறி. வியப்பாக இருந்தாலும், இந்தச் சூட்டில் கறியைவிடக் கிழங்குதான் வேகத் தாமதமாகும்; சூடு அதிகம் படும் அடிப்பகுதி அதற்கு வேண்டும். சட்டியில் ஒட்டியதை ஒன்றரை டம்ளர் வெந்நீரில் சுரண்டி ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டுவதால் நீர் வற்றாது, கறியும் தன் சாற்றை விடும். உப்பு முக்கால் பங்கு மட்டும். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் இருக்கட்டும்.

முதல் ஒரு மணி நேரம் 'ஹை'. பிறகு 'லோ'வில் 9 மணி நேரம். குறிப்புப் புத்தகத்தின் 8 மணி நேரம் 2 வயது மாட்டுக்கு. நம் மாட்டுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரமாவது கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை மூடியைத் திறந்தால் இழந்த சூடு திரும்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். மன்றத்தில் இதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு தோழரும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இரவுக்குத்தான். கறி மிருதுவாக வேண்டுமென்று வீட்டில் பப்பாளிக்காய் போடும் வழக்கம் உண்டல்லவா, அதை இதில் செய்யாதீர்கள். பப்பாளியின் நொதி வேலை செய்யும் சூட்டிலேயே குக்கர் நெடுநேரம் நிற்பதால் கறி கூழாகிவிடும். ராஜ்மா போட ஆசைப்பட்டால், ஊறவைத்துத் தனியாக 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தபின் போடுங்கள். ராஜ்மாவில் இருக்கும் நச்சுப்பொருள் ஸ்லோ குக்கரின் மிதச் சூட்டில் முழுதாக அழியாது. வாந்தியில் கொண்டுபோய் விடும்.

கடைசி அரை மணியில் தேங்காய், சோம்பு, மிளகு அரைத்த விழுதைக் கலந்து, உப்பு பார்த்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு மூடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் அடுப்புக்கு மாற்றிவிட வேண்டும். செலவைப் பார்த்தால், 10 மணி நேரத்துக்கு இரண்டு, இரண்டரை யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் மாதத்துக்கு இரண்டு முறை செய்தால் பெரிதாகத் தெரியாது.

வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவத் தோழியர் சிலர் எங்களிடம் ஒன்று கேட்டார்கள். வீட்டுக்காரர் 'அசைவம் கூடாது' என்று சொல்லித்தான் அறை கொடுத்திருக்கிறார். பிரஷர் குக்கர் விசில் அடித்தாலே என்ன சமையல் என்று வந்து நிற்கிறார். இதில் விசில் இல்லை என்பதால் சமைக்கலாமா? உள்ளதைச் சொல்கிறோம். விசில் வராது. ஆனால் 10 மணி நேரமும் வாசம் வரும். எலுமிச்சைத் தோல், ஊதுவத்தி எதுவும் மறைக்காது, நாங்கள் முயன்று பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்தின் அறை சும்மாதான் இருக்கிறது, குக்கரும் இருக்கிறது. சாவி செயலாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் பீங்கான் பாத்திரத்தைச் சூட்டோடு தண்ணீரில் போட வேண்டாம், விரிசல் விட்டுவிடும்.

இன்று பின்கட்டில் இரண்டு ஸ்லோ குக்கர், ஒன்று இரவல். அவை 20 பேருக்குத்தான் காணும் என்பதால் மீதிப் பேருக்குப் பெரியம்மாவின் அண்டாவில், விறகில். பெரியம்மாவின் மகள் அதைப் பார்த்துக்கொள்கிறார். விடியற்காலை மூன்றரைக்கு எல்லாவற்றையும் ஏற்றினோம். முட்டைக் குழம்பும் இருக்கிறது. ஒன்றரை மணிக்குத் திறக்கலாம். அதுவரை யாரும் மூடியைத் தொடாதீர்கள்.